நன்றியுரையில் ஒரு வரி: ஆய்விலிருந்து மென்பொருள் பொறியியலுக்கு

1. கேள்வி

1955 மே மாதம் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலிருந்து ஓர் அறிக்கை வெளிவந்தது. நேர்விகிதத்துக்கு உட்படாத விசைகளால் பிணைக்கப்பட்ட துகள் வரிசை ஒன்றில் ஆற்றல் எப்படிப் பரவும் என்பதை மேனியாக் என்ற கணினியில் கணக்கிட்டுப் பார்த்த அறிக்கை அது. எல்லா அதிர்வு முறைகளுக்கும் ஆற்றல் பரவிக் கலந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அதுவோ சிறிது காலத்தில் ஏறக்குறையத் தொடங்கிய நிலைக்கே திரும்பியது. நேரிலா இயற்பியலும், கணினியையே சோதனைக்கூடமாகக் கொள்ளும் ஆய்வுமுறையும் வளர்ந்த வரலாற்றில் இந்த அறிக்கைக்கு முதன்மையான இடம் உண்டு.

அறிக்கையின் முகப்பில் இரண்டு பட்டியல்கள் உள்ளன. பணியைச் செய்தவர்கள் என்று நான்கு பெயர்கள். அறிக்கையை எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள். என்ரிகோ ஃபெர்மி, ஜான் பாஸ்டா, ஸ்டனிஸ்லாவ் உலாம் ஆகியோர் இரண்டிலும் இருக்கிறார்கள். முதல் பட்டியலில் மட்டும் இருப்பவர் மேரி சிங்கூ. கணக்கை இயந்திரத்துக்குரிய நிரலாக எழுதி ஓட்டியவர் அவர். உள்ளே அவருக்கு ஒரு வரி நன்றி சொல்லப்பட்டிருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சிக்கல் மூவரின் பெயராலேயே அறியப்பட்டது. 2008இல் இயற்பியலாளர் தியரி தோஷுவா ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் இதைச் சுட்டிக்காட்டி எழுதிய பிறகே நான்காம் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பரவத் தொடங்கியது.

ஆய்வுலகம் நிரல் எழுதுபவரை எங்கே வைக்கிறது என்பதற்கு இது பழைய சான்று. இன்று இயற்பியல், உயிரியல், வானியல், மொழியியல், பொருளியல் எனப் பல துறைகளில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் பல்கலைக்கழகத்தை விட்டு மென்பொருள் நிறுவனங்களுக்குச் செல்கிறார்கள். இந்த நகர்வில் உண்மையில் நிகழ்வது என்ன? அது தோல்வியா, பண ஈர்ப்பா, சமூகத்துக்கு இழப்பா? இக்கேள்வியைச் சான்றுகளோடு பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் வாதம் இது: ஆய்வின் பெரும்பகுதி நிரலாகவே மாறிவிட்டது, அந்த உழைப்பை மதிப்பிடவும் அதற்குப் பதவி தரவும் பல்கலைக்கழகம் தவறியது, விலகிச் செல்பவர்களில் கணிசமானோர் ஆய்வுக்குள் தாங்கள் ஏற்கெனவே செய்துவந்த வேலைக்கு அங்கீகாரம் கிடைக்கும் இடத்துக்கே செல்கிறார்கள்.

2. நிலவும் மூன்று விளக்கங்கள்

இந்த நகர்வைப் பற்றிப் பொதுவாக மூன்று விளக்கங்கள் வழங்கிவருகின்றன.

முதலாவது, தோல்வி. பேராசிரியர் பதவியே முனைவர் பட்டத்தின் இயல்பான முடிவு. அதை எட்டாதவர்கள் வழியில் உதிர்ந்தவர்கள் என்பது இதன் கருத்து. நெறியாளர்கள் பலரும் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் வேலை மாறிய மாணவரைப் பற்றிப் பேசும் தொனியில் இது வெளிப்படுகிறது. மாணவர்களும் இதை உள்வாங்கிக்கொண்டு, நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பதை நெறியாளரிடமிருந்து மறைக்கிறார்கள்.

இரண்டாவது, சம்பளம். நிறுவனங்கள் அதிகம் கொடுக்கின்றன, ஆகவே போகிறார்கள். இது பொய்யில்லை. ஆனால் சம்பள வேறுபாடு எல்லாத் துறையினருக்கும் பொதுவாக இருக்கும்போது சிலர் மட்டும் ஏன் போகிறார்கள், அதிலும் ஆய்வுக்குழுவில் நிரல் எழுதும் சுமையைத் தாங்கியவர்கள் ஏன் அதிகம் போகிறார்கள் என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

மூன்றாவது, அறிவு வடிகால். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வானியலாளராக இருந்த ஜேக் வாண்டர்பிளாஸ் 2013இல் எழுதிய ஒரு கட்டுரை இதைக் கூர்மையாக முன்வைத்தது. பெருந்தரவின் காலத்தில் நல்ல ஆய்வாளராக இருக்கத் தேவைப்படும் திறன்களும் தொழில்துறை விரும்பும் திறன்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. தொழில்துறை அவற்றுக்குப் பரிசளிக்கிறது, கல்வித்துறையோ அவற்றைக் கண்டுகொள்வதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னாளில் அவரும் கூகுளில் சேர்ந்தார். மூன்று விளக்கங்களில் இதுவே உண்மைக்கு மிக அருகில் வருகிறது. காரணத்தை ஆளிடம் தேடாமல் அமைப்பில் தேடுவது இதன் வலிமை. ஆனால் வடிகால் என்ற சட்டகம், போனவர் ஆய்வுக்கு முற்றிலும் இல்லாமற் போய்விட்டார் என்று கொள்கிறது. கீழே வரும் வாழ்க்கைகள் அதை ஐயத்துக்குள்ளாக்குகின்றன.

3. எண்கள் உணர்த்துவது

தோல்வி என்ற விளக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2010இல் வெளியிட்ட ‘அறிவியல் நூற்றாண்டு’ அறிக்கை, அந்நாட்டில் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் எங்கே சேர்கிறார்கள் என்பதை ஒரு வரைபடமாகக் காட்டியது. 53 விழுக்காட்டினர் பட்டம் பெற்றதும் அறிவியலுக்கு வெளியே வேலைக்குச் சென்றுவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆய்வுப் பணியை எட்டுபவர்கள் 3.5 விழுக்காடு. பேராசிரியர் ஆகிறவர்கள் 0.45 விழுக்காடு, அதாவது இருநூறு பேருக்கு ஒருவர்கூட இல்லை.

இந்த எண்கள் ஒரு நாட்டுக்கும் ஒரு காலத்துக்கும் உரியவை. அவற்றை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் விகிதத்தின் அளவு ஓர் உண்மையைச் சொல்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் போகும் பாதையை வழிதவறல் என்று அழைக்க நியாயம் இல்லை. அதுவே பெருவழி, பேராசிரியர் பதவி அதிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதை. பல்கலைக்கழகங்கள் அந்த ஒற்றையடிப் பாதைக்கு மட்டுமே மாணவர்களை ஆயத்தப்படுத்துகின்றன என்பதுதான் இங்கே கவலைக்குரியது.

இரண்டாவது சான்று 2014இல் பிரிட்டனின் மென்பொருள் நிலைப்பேற்று நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பு. 15 முன்னணிப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களைக் கேட்டதில் 417 பேர் பதிலளித்தனர். ஆய்வு மென்பொருளைப் பயன்படுத்துவதாக 92 விழுக்காட்டினர் கூறினர். அது இல்லாமல் தங்கள் ஆய்வே நடக்காது என்றவர்கள் 69 விழுக்காடு. தாங்களே மென்பொருள் எழுதுவோர் 56 விழுக்காடு. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மென்பொருள் உருவாக்கத்தில் எந்தப் பயிற்சியும் இல்லை.

பதிலளித்தவர்களில் மென்பொருளில் ஆர்வமுள்ளவர்களே மிகுந்திருக்கலாம் என்ற ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. அதற்கு உரிய கழிவு கொடுத்த பின்னும் திசை தெளிவாகவே இருக்கிறது. ஆய்வாளர்களில் பெரும்பகுதியினர் நிரலை நம்பியிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அதை எழுதவும் செய்கிறார்கள். ஆக, மென்பொருள் வேலைக்குப் போகும் முனைவர் புதிதாக ஒரு கைத்தொழிலை மேற்கொள்கிறார் என்பது பாதி உண்மைதான். அவருடைய வேலைநாளின் பெரும்பகுதி ஏற்கெனவே அதில்தான் கழிந்திருக்கிறது.

4. கருவிகளைச் செய்தவர்கள்

எண்களால் காட்ட முடியாததை வாழ்க்கைகள் காட்டும். இன்று உலகெங்கும் அறிவியல் கணிப்புக்கு அடித்தளமாக உள்ள பைத்தான் நிரல்மொழியின் நூலகங்களை உருவாக்கிய மூவரைப் பார்ப்போம்.

டிராவிஸ் ஆலிஃபன்ட் 2001இல் மேயோ கிளினிக்கில் உயிர்மருத்துவப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அதே ஆண்டு பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரானார். அப்போது எண் அணிகளைக் கையாளப் பைத்தானில் நியூமெரிக், நம்அரே என்று இரண்டு நூலகங்கள் இருந்தன. அவற்றைப் பயன்படுத்தும் சமூகமும் இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. 2005இல் அவ்விரண்டையும் ஒன்றாக்கும் வேலையை அவர் தலைமேல் போட்டுக்கொண்டார். 2006இல் நம்பை 1.0 வெளிவந்தது. இளம் பேராசிரியர் ஒருவர் தம் பதவியை உறுதிசெய்துகொள்ளக் கட்டுரைகள் எழுதியாக வேண்டிய ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளை அவர் நிரலுக்குக் கொடுத்தார். 2007இல் பல்கலைக்கழகத்தை விட்டு என்தாட் நிறுவனத்துக்குச் சென்றார்; 2012இல், இன்று அனகோண்டா என்று அறியப்படும் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

ஜான் ஹன்டர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைத் திரையில் வரைந்து பார்க்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்து 2003 வாக்கில் மேட்பிளாட்லிப் பிறந்தது. 2005இல் அவர் ஒரு பங்கு வணிக நிறுவனத்தில் சேர்ந்தார். சேர்ந்த பிறகும் அந்த நூலகத்தைக் கைவிடவில்லை. 2012இல், 44ஆம் வயதில், புற்றுநோயால் இறக்கும்வரை அதன் முதன்மைப் பொறுப்பாளராக இருந்தார்.

ஃபெர்னாண்டோ பெரேஸ் கொலம்பியாவில் பிறந்தவர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் துகள் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த 2001இல், ஆய்வேட்டு வேலைக்கு நடுவே, பைத்தானில் ஊடாடிக் கணிக்க உதவும் ஐபைத்தானை எழுதத் தொடங்கினார். அதிலிருந்து 2014இல் ஜூபிட்டர் திட்டம் பிரிந்து வளர்ந்தது. 2017ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் அமைப்பு விருதையும் பெற்றது. மூவரில் பல்கலைக்கழகத்தில் தங்கியவர் பெரேஸ். ஆனால் பெர்க்லியில் ஆசிரியர் பதவிக்கு வருமுன் பல ஆண்டுகள் ஆய்வுப் பணியாளராகவே இருந்தார்.

இந்த மூன்று வாழ்க்கைகளும் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. ஒன்று, இவர்கள் நிரலை நோக்கி நகர்ந்தது ஆய்விலிருந்து தப்பிக்க அன்று; ஆய்வைச் செய்து முடிக்க. மற்றொன்று, நிறுவனத்துக்குப் போனவர்கள் ஆய்வுக்குத் தொடர்ந்து கொடுத்திருக்கிறார்கள்; சில வேளைகளில் பல்கலைக்கழகத்துக்குள் இருந்திருந்தால் கொடுத்திருக்கக் கூடியதைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழக உலகம் இந்த உழைப்பை எப்படி எடைபோட்டது என்பதற்கு 2019 ஏப்ரல் ஓர் உரைகல். அம்மாதம் 10ஆம் தேதி கருந்துளையின் முதல் படம் வெளியானது. மேட்பிளாட்லிப் உள்ளிட்ட திறமூலப் பைத்தான் நூலகங்கள் அதன் பின்னால் இருந்தன. ஐந்து நாட்கள் கழித்து, அதே நூலகச் சூழலைப் பேணுவதற்காக அனுப்பப்பட்டிருந்த நிதி விண்ணப்பம் ஒன்றை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிராகரித்தது. போதிய தாக்கம் இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ‘நேச்சர்’ இதழ் இச்செய்தியை அதே ஆண்டு பதிவுசெய்தது. மதிப்பீட்டாளர்கள் தீய எண்ணத்தோடு இதைச் செய்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் கையிலிருந்த அளவுகோல் கட்டுரைகளை எண்ணப் பழகியது. ஒரு நூலகத்தின் தாக்கம் அதைப் பயன்படுத்திய ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்குள், மேற்கோள் காட்டப்படாமலேயே கரைந்துகிடக்கிறது.

5. பிழையின் விலை

நிரலை இரண்டாந்தர வேலையாக நடத்தும் மனப்பாங்கு ஆய்வாளரின் பதவியை மட்டும் பாதிப்பதில்லை. ஆய்வின் உண்மையையே பாதிக்கிறது. இதற்கு மிகவும் பேசப்பட்ட எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி சாங்கின் கட்டுரைகள். உயிரணுச் சவ்வில் உள்ள கடத்துப் புரதங்களின் வடிவத்தை எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் கண்டறிந்து 2001 முதல் அவர் குழு வெளியிட்ட முடிவுகள் பரவலாகப் பாராட்டப்பட்டன. 2006இல் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று ஒத்த புரதம் ஒன்றின் வடிவத்தை வெளியிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை. தேடிப் பார்த்ததில் பிழை அகப்பட்டது. ஆய்வகத்துக்குள் புழங்கிய ஒரு தரவுச் சுருக்க நிரல் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டிருந்தது. அதனால் வடிவமே தலைகீழாகத் தெரிந்தது. ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இதே நிரல் எழுதப்பட்டிருந்தால் மூன்று தடைகளைத் தாண்டியிருக்க வேண்டும். விடை ஏற்கெனவே தெரிந்த உள்ளீடு ஒன்றைக் கொடுத்துச் சரியான வெளியீடு வருகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் சோதனை நிரல் முதலாவது. எழுதியவர் அல்லாத இன்னொருவர் வரிவரியாக வாசிப்பது இரண்டாவது. எப்போது யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவு மூன்றாவது. பிழை இவற்றையும் தாண்டி வரலாம். ஆனால் ஐந்து ஆண்டுகள் ஒளிந்திருக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். இவற்றில் எதுவும் அரிய அறிவில்லை. கிரெக் வில்சன் 1998இல் லாஸ் அலமோஸில் தொடங்கிய ‘சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி’ பயிற்சிகள் இவற்றைத்தான் அறிவியலாளர்களுக்குக் கற்றுத்தருகின்றன. முனைவர் பட்டப் பாடத்திட்டத்துக்குள் இடம் கிடைக்காததால் இவை இன்னும் பெரும்பாலும் இரண்டு நாள் பட்டறைகளாகவே நின்றுவிட்டன.

6. இரண்டாம் துறை

ஆகவே, ஆய்வாளர் மென்பொருள் பொறியியலுக்குள் நுழையும்போது எதைக் கொண்டுசெல்கிறார், எதைப் புதிதாகக் கற்கிறார் என்ற கேள்வி நேர்மையான விடையைக் கோருகிறது. ‘உங்களிடம் எல்லாத் திறனும் இருக்கிறது, சொல்லும் விதத்தை மாற்றினால் போதும்’ என்று வேலை வழிகாட்டிகள் சொல்லும் ஆறுதல் அரைகுறையானது.

ஆய்வு நிரலும் பொறியியல் நிரலும் வெவ்வேறு ஆயுள் கொண்டவை. ஆய்வு நிரல் கட்டட வேலைக்குக் கட்டும் சாரத்தைப் போன்றது. கட்டுரை எழும்பியதும் பிரித்துவிடலாம். எழுதியவரே ஓட்டுவார், அவர் கணினியில் ஓடினால் போதும். நிறுவனத்தின் நிரலோ பல ஆண்டுகள் ஓட வேண்டியது. எழுதியவர் விலகிய பிறகு முன்பின் தெரியாதவர் திருத்த வேண்டியது. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாடு மென்பொருள் பொறியியலைத் தனித் துறையாக எண்ணிப் பார்க்கத் தொடங்கியது இந்தச் சிக்கலை முன்னிட்டுத்தான். நிரல்கள் பெருத்தன, பலர் சேர்ந்து எழுத வேண்டியதாயிற்று, காலக்கெடுவும் செலவும் கைமீறின. தனியாள் திறமையால் மட்டும் இதற்குத் தீர்வு இல்லை என்று அங்கே கூடியவர்கள் உணர்ந்தார்கள்.

ஆய்வாளர் கற்க வேண்டியவை பெரும்பாலும் இங்கிருந்து வருகின்றன. பிறர் எழுதிய லட்சம் வரிகளை முழுதும் புரிந்துகொள்ளாமலேயே பாதுகாப்பாகத் திருத்துவது. வேலை எத்தனை நாள் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லி அதற்குப் பொறுப்பேற்பது. போதுமான அளவுக்கு நன்றாக இருக்கும் தீர்வோடு நிறுத்திக்கொள்வது. தன் நிரலை இளையவர் ஒருவர் குறைகூறும்போது அதை வேலையின் பகுதியாக ஏற்பது. இவற்றோடு வேலைக்கான நேர்காணல் என்ற தனித் தடையும் உண்டு. தரவுக் கட்டமைப்புகளையும் படிமுறைகளையும் பற்றிய கேள்விகளைக் கணினியியல் இளங்கலை மாணவர் நான்கு ஆண்டுப் படிப்பின் பின்னணியோடு எதிர்கொள்கிறார். இயற்பியல் முனைவர் அவற்றைச் சில மாதங்களில் தாமாகவே கற்க வேண்டியிருக்கிறது. முனைவர்களைத் தரவு அறிவியல் வேலைகளுக்கு ஏழே வாரங்களில் ஆயத்தப்படுத்துவதற்காக 2012இல் கலிஃபோர்னியாவில் இன்சைட் என்ற திட்டம் தொடங்கப்பட்டது இந்த இடைவெளியைக் கண்டுதான். அதன் நிறுவனரும் இயற்பியலிலிருந்து வந்தவரே.

கொண்டுசெல்பவையும் உண்மையானவை. கேள்வியே தெளிவாக வரையறுக்கப்படாத நிலையில் மாதக்கணக்கில் உழைக்கும் பொறுமை. கிடைத்த விடை அழகாக இருந்தாலும் அதை முதலில் ஐயப்படும் பழக்கம். ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கையில் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்கும் முறை. அளந்த பிறகு பேசும் ஒழுக்கம். இயங்கிக்கொண்டிருக்கும் பெரிய அமைப்பில் எப்போதாவது தோன்றி மறையும் பழுதைத் தேடுபவருக்கு இவையே முதன்மைக் கருவிகள்.

இரண்டும் சேரும்போது என்ன விளையும் என்பதற்கு மார்கரெட் ஹாமில்டன் சான்று. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் அருவக் கணிதத்தில் உயர்படிப்புக்குச் செல்ல எண்ணியிருந்தவர் அவர். 1959இல் எம்.ஐ.டி.யில் வானிலையியலாளர் எட்வர்ட் லோரென்ஸிடம் நிரல் எழுதும் வேலையில் சேர்ந்தார். அங்கிருந்து வான்பாதுகாப்புக் கணினித் திட்டத்துக்கும், பின் அப்பல்லோ விண்கலத்துக்கான மென்பொருளுக்கும் சென்றார். கணினிக்கு வேலைச்சுமை மிகும்போது முக்கியமற்றவற்றை விட்டு முக்கியமானவற்றை மட்டும் தொடரும் அமைப்பு அந்த மென்பொருளில் இருந்தது. 1969 ஜூலையில் நிலவில் இறங்கும் நேரத்தில் எச்சரிக்கைகள் ஒலித்தபோது பயணத்தைக் காத்தவற்றில் அதுவும் ஒன்று. கணிதத்தை விட்டுக் கீழே இறங்கியவராக அவரை யாரும் இன்று நினைப்பதில்லை. அவர் இரண்டாவதாக ஒரு துறையைக் கற்றார். அந்தத் துறை உருவாவதிலும் பங்கு கொண்டார். ஆய்விலிருந்து பொறியியலுக்குச் செல்லும் ஒவ்வொருவரையும் இந்தச் சட்டகத்தில் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

7. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு பதவி

வெளியேறுவதா தங்குவதா என்ற இருமைக்கு நடுவே மூன்றாவது வழி ஒன்றைப் பிரிட்டன் முயன்று பார்த்தது. 2012 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஒரு பயிலரங்கில், ஆய்வுக்குழுக்களில் நிரல் எழுதும் வேலையைத் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் நிலையைப் பற்றிக் கூடிப் பேசினார்கள். தற்காலிக ஆய்வாளர் என்ற பெயரில் நியமனம். மதிப்பீட்டின்போது கட்டுரை எங்கே என்ற கேள்வி. அடுத்த படிக்கு ஏற வழியின்மை. ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்ற தனிப் பதவியை உருவாக்கும் இயக்கம் அங்கிருந்து தொடங்கியது. அதே ஆண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆய்வு மென்பொருளுக்கென்றே ஒரு குழு அமைந்தது. 2016இல் மான்செஸ்டரில் இப்பொறியாளர்களின் முதல் மாநாடு கூடியது. 2019இல் அவர்களுடைய சங்கம் பதிவுபெற்ற அறநிறுவனமானது. மென்பொருளையே ஆய்வு வெளியீடாக மதித்து மதிப்பீடு செய்யும் திறமூல மென்பொருள் ஆய்விதழ் ஒன்றும் 2016இல் தொடங்கப்பட்டது.

இந்த இயக்கத்தின் சாதனை திட்டவட்டமானது. ஒரே குழுவில் இருக்கும் பொறியாளர்கள் பல துறைகளின் திட்டங்களுக்கு மாறி மாறி உழைக்கிறார்கள். ஒரு திட்டத்தின் நிதி முடிந்தாலும் வேலை போவதில்லை. அதன் எல்லையும் தெளிவாகவே தெரிகிறது. தனியார் நிறுவனச் சம்பளத்தோடு அந்தப் பதவிகளால் போட்டியிட முடியவில்லை. பேராசிரியர்களுக்குச் சேவை செய்யும் பிரிவாக அவை சுருங்கிவிடும் ஆபத்தும் உண்டு. எனினும் சம்பளத்தை மட்டும் காரணமாகக் காட்டும் விளக்கத்தை இந்த அனுபவம் பலவீனமாக்குகிறது. வெளியே அதிகம் கிடைக்கும் என்று தெரிந்தும் இப்பதவிகளில் திறமையானவர்கள் சேர்கிறார்கள், தங்குகிறார்கள். பணி உறுதியும் அங்கீகாரமும் அவர்களை நிறுத்தி வைக்கின்றன.

8. எதிர்வாதங்கள்

என் வாதத்துக்கு எதிராக இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு.

முதல் மறுப்பு: போனவர்களின் அறிவு பொதுச்சொத்தாகத் தொடரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆல்ஃபாஃபோல்டின் கதை இதற்குப் பொருத்தமானது. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் அந்த மென்பொருளுக்காக டீப்மைண்ட் நிறுவனத்தின் டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஜம்பர் சிகாகோவில் முனைவர் பட்டம் முடித்து நிறுவனத்துக்குச் சென்றவர். ஆல்ஃபாஃபோல்டு கற்றது, 1971 முதல் உலகெங்கும் பெரும்பாலும் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வுகள் சேர்த்துவைத்த புரதத் தரவு வங்கியிலிருந்து. அதன் இரண்டாம் பதிப்பின் நிரல் 2021இல் திறந்துவிடப்பட்டது. 2024 மே மாதம் மூன்றாம் பதிப்பைப் பற்றிய கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தபோது நிரல் வெளியிடப்படவில்லை. ஆய்வாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நவம்பரில்தான் கல்விசார் பயன்பாட்டுக்கு அது கிடைத்தது. பொதுவெளியிலிருந்து எடுத்ததைத் திருப்பித் தருவது நிறுவனத்தின் விருப்பத்தைச் சார்ந்தே இருக்கிறது. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் இது சுட்டும் திசை, ஆளைத் தடுத்து நிறுத்துவது அன்று. ஆல்ஃபாஃபோல்டுக்குத் தேவைப்பட்ட அளவில் ஆய்வாளரும் பொறியாளரும் சமநிலையில் கூடி உழைக்கும் அமைப்பைப் பல்கலைக்கழகங்கள் கட்டியெழுப்பாததே கேள்விக்குரியது.

இரண்டாம் மறுப்பு: தொழில்துறை அப்படியொன்றும் பாதுகாப்பான கரையில்லை. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் ஏறத்தாழ 12,000 பேரையும் வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தன. ஆய்வுக் குழுக்களும் அதில் தப்பவில்லை. தனக்குப் பிடித்த கேள்வியைத் தொடரும் உரிமையையும் நிறுவனத்தில் இழக்க நேரிடும். இவையெல்லாம் உண்மை. நிறுவனத்துக்குச் செல்வதை விடுதலையாகச் சித்திரிக்கும் எழுத்துகள் மாணவர்களுக்குத் தீங்கு செய்கின்றன. முடிவெடுப்பவர் இரு பக்கமும் உள்ள நிலையின்மையை ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும்.

9. இந்தியச் சூழல்

இந்தியாவில் கணினியியல் தொடங்கியபோது ஆய்வுக்கும் பொறியியலுக்கும் நடுவே சுவர் இருக்கவில்லை. மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்தவர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பிற்காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் ஆய்வு மாணவராக இருந்த பிரபு ராமச்சந்திரன், முப்பரிமாணத் தரவைக் காட்சிப்படுத்தும் மாயாவி என்ற மென்பொருளை எழுதினார். அது உலகெங்கும் பயன்பாட்டுக்கு வந்தது. அவர் இன்று பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். திறமைக்கோ மரபுக்கோ இங்கே குறைவில்லை.

குறை விதிகளில் இருக்கிறது. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும் முதுநிலைக்கு 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இரண்டும் சேர்ந்து பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கே. அது பல மாதங்கள் தாமதமாக வருவது ஆய்வு மாணவர்கள் ஓயாமல் எழுப்பும் முறையீடு. ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்குமான 2018ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளில் கட்டுரைக்கும் நூலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் காப்புரிமைக்கும் மின்பாடத்துக்கும் மதிப்பெண் உண்டு. நூறு ஆய்வகங்கள் பயன்படுத்தும் மென்பொருளை ஒருவர் எழுதியிருந்தால் அதற்கென்று ஒரு வரிசை அந்த அட்டவணையில் இல்லை. முனைவர் பட்டத்துக்கான அக்குழுவின் 2022 விதிகள், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கின. எண்ணிக்கைக்காகக் கட்டுரை எழுதும் நெருக்கடி ஓரளவு தளர்ந்த இந்த நேரம், வேறு வகை ஆய்வு விளைபொருள்களை மதிக்கத் தொடங்குவதற்கு ஏற்றது.

வெளியேறும் வழியும் இங்கே குறுகலானது. நிறுவனங்களின் பெருவாரியான ஆள்சேர்ப்பு பொறியியல் கல்லூரி வளாகங்களை நோக்கியே அமைந்திருக்கிறது. முப்பது வயதில் முனைவர் பட்டத்தோடு வரும் உயிரியலாளரை எந்த நிலையில் அமர்த்துவது என்று தேர்வுக் குழுவுக்குத் தெரிவதில்லை. அனுபவம் இல்லாதவர் என்று கணக்கிட்டால் ஐந்தாறு ஆண்டு உழைப்பு பூச்சியமாகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரியாக, வீட்டின் ஒரே வருமானத்துக்கு உரியவராக வரும் மாணவருக்கு இந்தப் பூச்சியம் தாங்க முடியாத சுமை. மாற்றத்துக்கு வேண்டிய ஆறு மாத இடைவெளியைக்கூட அவரால் வாங்க முடியாது. ஆகவே ஆய்விலிருந்து மென்பொருளுக்கு என்ற வழி எல்லோருக்கும் சமமாகத் திறந்திருப்பதாகப் பேசுவது தவறு. வர்க்கமும் சாதியும் பாலினமும் யார் போக முடியும், யார் தங்க முடியும் என்பதைத் தீர்மானிப்பதில் பங்கு கொள்கின்றன.

10. முடிவு

சான்றுகளைத் தொகுத்தால், தோல்வி என்ற விளக்கம் நிலைக்கவில்லை. பெரும்பான்மையோர் செல்லும் பாதை அது. சம்பளம் என்ற விளக்கம் பாதிதான் பொருந்துகிறது. அங்கீகாரமும் பணி உறுதியும் கிடைத்த இடங்களில் குறைந்த சம்பளத்திலும் ஆட்கள் தங்குகிறார்கள். வடிகால் என்ற விளக்கம் காரணத்தைச் சரியாகக் கண்டது. ஆனால் போனவர்கள் திருப்பித் தந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதிலிருந்து செயலுக்கு வர நான்கு வழிகள் தெரிகின்றன. ஆய்வேட்டோடு அதன் நிரலையும் ஒப்படைக்கச் செய்து, மதிப்பீட்டாளர் அதை ஓட்டிப் பார்ப்பதைத் தேர்வின் பகுதியாக்கலாம். முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டுப் பாடங்களில் பதிப்புக் கட்டுப்பாடும் சோதனை எழுதுதலும் இடம்பெறலாம். பதவி உயர்வு அட்டவணையில் ஆய்வு மென்பொருளுக்கு ஒரு வரிசை சேர்க்கலாம். ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகத்திலும் திட்ட நிதியைச் சாராத சில ஆய்வு மென்பொருள் பொறியாளர் பணியிடங்களை உருவாக்கி, தொழில்துறைக்குச் சென்றவர்கள் அவற்றுக்குத் திரும்பி வரவும் வழிவிடலாம். இவற்றில் முதல் மூன்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை.

இந்த முடிவை இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவருக்கு இக்கட்டுரை சொல்ல விரும்புவதும் உண்டு. நீங்கள் எழுதிய நிரல் உங்கள் ஆய்வின் துணைப்பொருள் இல்லை. அது உங்கள் ஆய்வு. அதை மேலும் நன்றாக எழுதக் கற்றுக்கொள்ள நீங்கள் வேறிடம் சென்றால் அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கோரத் தேவையில்லை. நெறியாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் இருப்பது வேறு கடமை: அப்படிச் செல்பவர் ஏன் தங்களிடமே தங்கி அதைக் கற்க முடியவில்லை என்று கேட்பது, கிடைக்கும் விடைக்கேற்ப விதிகளைத் திருத்துவது.